ஒம்பதாம் நம்பர் கட்டிலுக்கு ஒரே முடிச்சு

அந்தம்மா வரும் மேடம், எங்க போயிடப் போவுது? இந்த வார்டுலதான் சுத்திகினு கெடக்குது. நீங்க மொதல்ல உக்காருங்க. அய்யோ, அந்த ஸ்டூலு வேணாம், அதுக்கு ஒரு காலு சரியில்ல. தோ, இந்த சேரு. தொடச்சிட்டேன். ஃபேன பெருசா வெக்கவா? ஒரகடம் ரோட்ல கண்டெய்னர் லாரிங்க கெளப்பற புழுதி இருக்குதே, காலைல ஜன்னல தொடச்சா மத்தியானம் அதுல வெரலால கோலமே போடலாம்.

தெரியும் மேடம். ஒம்பதாம் நம்பரு. ரத்தினம். நெஞ்சு சளி, காச்சல்னு நாலு நாளைக்கு முன்னாடி வந்து படுத்தவரு. நேத்து மத்தியானம் கட்டுலேந்து எழுந்து, வுழுந்து, இடுப்பு எலும்ப ஒடச்சிக்கினாரு. நாளைக்கு காலைல ஆப்பரேஷன். மயக்க மருந்து குடுக்க நீங்க மெட்ராஸ்லேந்து வந்துகீறீங்க. அவரு காச்சலுக்கு முன்னாடி வூட்ல எப்டி நடந்தாரு, இன்னா துன்னாருன்னு சம்சாரத்துகிட்ட கேக்கணும். கேட்டாத்தான் அந்த ஒடம்பு எவ்ளோ மருந்து தாங்கும்னு தெரியும். எல்லாம் மாரிசெல்வி சிஸ்டரு சொல்லிச்சு. அந்தம்மாவ நானே இட்டாந்து வுடறேன், கவலப்படாதீங்க.

மணி இன்னா மேடம் ஆவுது? ஒண்ணு அஞ்சா? அப்ப நேரம் கீது.

நானா? நான் இந்த வார்டு ஆயா. பேரு கங்கம்மா, ஊரு பென்னலூரு. இந்த ஆஸ்பத்திரி கட்டச்சொல்லோ சித்தாளா செங்கல்லு தூக்கிகினு இருந்தேன். கட்டி முடிச்சானுங்க, எனக்கு வேற வேல இல்ல. பெருக்கறதுக்கு ஆளு வேணும்னாங்க, உள்ள வந்துட்டேன். ஆறு வருஷம் ஆச்சு. நாங்க தூக்கின செவுத்துக்குள்ளயே நமக்கு சம்பளம்.

இன்னா கேட்டீங்க? அந்த மஞ்ச துணியா? எல்லா கட்டுல் கால்லயும் கட்டிகீதே, அதான? அய்யய்யோ, அதுக்கும் சாமிக்கும் சம்பந்தமே இல்ல மேடம். மெட்ராஸ்லேந்து வர்ற டாக்டருங்க எல்லாரும் மொதல்ல அதத்தான் கேக்கறாங்க. அது பெரிய கூத்து.

உங்க கைல கீற இந்த ஃபாரம் கீதே, இது போன வருசம்தான் வந்துச்சு. ஒண்ணுலேந்து ஒம்போது வரைக்கும் படம் போட்டு கீது பாருங்க, அது எனக்கு ரொம்ப புடிக்கும். நான் அஞ்சாவதோட நின்னவ, எழுத்து கூட்டித்தான் படிப்பேன். படம்னா பாத்தவொடனே புரியுது. ஒண்ணாம் நம்பரு ஓடறாரு. நாலாம் நம்பரு மெதுவா நடக்கறாரு. அப்பால கோலு. அப்பால வண்டி. அப்பால கட்டுலு. அறுபத்தஞ்சு வயசு தாண்டினவங்க யாரு வந்தாலும், ஒடம்பு சரியில்லாம போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி எந்த படம் மாதிரி இருந்தாங்கன்னு சிஸ்டரு வூட்டாளுங்கள கேட்டு ஒரு நம்பரு போடணும். நல்ல ஏற்பாடுதான். நான் தப்பே சொல்ல மாட்டேன்.

ஆனா நம்ம ஜனம் உண்மைய சொல்லுமா? நீங்களே சொல்லுங்க. பெத்தவர ரெண்டு பேரு கைத்தாங்கலா புடிச்சி ஆட்டோலேந்து எறக்குவாங்க. எங்கப்பா ஜம்முனு நடப்பாருங்க, நேத்து கூட ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்கு போய்ட்டு வந்தாருங்கன்னு பையன் சொல்வான். எதுக்கு சொல்றான்? தளந்துட்டாருன்னு சொன்னா, இவன் சோறு போடலன்னு நர்சு நெனச்சிக்குமாம். சில பேரு கண்ணு படும்னு சொல்ல மாட்டாங்க. வாயத் தொறந்து சொல்லிட்டா அது அப்டியே பலிச்சிடும்னு ஒரு பயம். எல்லாருக்கும் மூணாம் நம்பரு. படுத்த படுக்கையா கீற கெழவனுக்கும் மூணாம் நம்பரு!

நான் பாத்தேன். நமக்கு நம்பரு எதுக்கு, கண்ணு கீதுல்ல. ஆறு வருஷமா வயசானவங்கள கட்டுலேந்து எறக்கி ஏத்திகினு கீறேன். யாரு வுழுவாங்கன்னு எனக்கு தெரியும் மேடம், பொய்யில்ல. டம்ளர ரெண்டு கையாலயும் புடிக்கறாங்களா, ஒண்ணு. நடந்துகினு இருக்கச்சொல்லோ நான் பேச்சு குடுப்பேன், சாப்ட்டியா தாத்தான்னு. நின்னு பதில் சொன்னாருன்னா ஆளு தளந்துட்டாருன்னு அர்த்தம். தெம்பா கீறவங்க நடந்துகினே திட்டுவாங்க. எல்லாத்துக்கும் மேல துண்டு. மூஞ்சி தொடைக்க ஈரத் துண்டு குடுப்பேன் இல்ல, இத கொஞ்சம் புழிஞ்சி குடுங்கன்னு கேப்பேன். தளந்தவங்க புழிஞ்ச துண்ட கைல வாங்கினா சொட்டு சொட்டுன்னு ஒழுவும். ஒழுவுச்சுன்னா அவர தனியா பாத்ரூமுக்கு வுடக்கூடாது.

சிரிக்கறீங்க. நெசமா? இதுக்கு மிஷினே கீதா? கையால அமுக்கி பாக்கறதா? பாருங்களேன், எனக்கு ஒரு பழைய துண்டு போதுமே!

ஆங், துணி கதை. இது மத்த ஆயாங்களுக்கும் தெரியணும் இல்ல? அதுங்க என்ன விட மோசம், கையெழுத்தே ரேகைதான். கிழிஞ்ச மஞ்ச திரைச்சீல ஒண்ணு கெடந்துச்சு, அத கிழிச்சி கிழிச்சி, தளந்தவங்க கட்டுல் கால்ல மட்டும் கட்டி வுட்டேன். துணி கட்டினவங்க எழுந்தா போய் கைய புடிச்சிக்கணும். அவ்ளோதான். ரெண்டு மாசம் ஒரு ஆளு வுழல. மாரிசெல்வி சிஸ்டரு தென்காசி பக்கத்துப் பொண்ணு, எப்பவும் என்ன ஏசிகினே இருக்கும். எக்கா, நீங்க பாட்டுக்கு கண்டதையும் கட்டுதீய, பெரிய டாக்டர் கேட்டா எனக்குல்லா ஏச்சு விழும்னு சொல்லும். சொல்லிட்டு அதுவே கத்திரிக்கோல் எடுத்தாந்து குடுக்கும்.

அப்பால ஆரம்பிச்சுது பேஜாரு. மஞ்ச துணி கட்டின கட்டுல்காரங்க எல்லாம் நல்லபடியா வூட்டுக்கு போறாங்கன்னு வார்டுல பேச்சு கெளம்பிடுச்சு. கைய புடிச்சி நடத்தினா வுழாமத்தான போவாங்க? அது யாருக்கும் புரியல. ஆயா, எங்கம்மாவுக்கும் கட்டுன்னு ஒருத்தன். எங்கண்ணனுக்கு கட்டலியே, அவரு பொழைக்க மாட்டாரான்னு அழுதுகினு ஒரு பொம்பள. மறைமலை நகர்லேந்து ஒருத்தரு தேங்கா, வெத்தல பாக்கோட வந்து நின்னாரு மேடம்! நாலாம் நம்பரு கண்ணப்பன் தாத்தா கீறாரே, அவரு புள்ள நெலத்த வித்துட்டு புல்லட்ல சுத்தறவன். எங்கப்பாவுக்கு பெரிய துணியா கட்டுன்னு சண்டைக்கே வந்துட்டான். இன்னா செய்ய? மாட்டேன்னா, உங்கப்பன் செத்துடுவான்னு சொன்ன மாதிரி ஆயிடும். எல்லாருக்கும் கட்டிட்டேன். பன்னெண்டு கட்டுலுக்கும்.

கரெக்டா கேட்டீங்க. அப்ப தளந்தவங்க யாருன்னு எப்டி தெரியும்? அதுக்குத்தான் முடிச்சு. நல்லா உத்து பாருங்க. சும்மா ஆசைக்கு கட்டினது ஒரே முடிச்சு. கைய புடிக்க வேண்டிய ஆளுன்னா ரெண்டு முடிச்சு. ஆயாங்க மூணு பேருக்கும், சிஸ்டருக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சு, வெளிய சொல்லிடாதீங்க. தோ, கண்ணப்பன் தாத்தாவுக்கு ரெண்டு முடிச்சு. தொண்ணூறு கிலோ இருப்பாரு, ஆனா அவரு புழிஞ்ச துண்டு ஒழுவறதுல பக்கெட்டே நெறையும்.

மணி? ஒண்ணு இருவதா? சரி, சரி. இல்ல, சும்மாத்தான் கேட்டேன். ஒன்னே முக்காலுக்கு கொஞ்சம் வேல கீது. காலைலேந்து வேற கேஸ் அடுப்ப அணைச்சனா, இல்லியான்னு மனசு அடிச்சிகினே கீது. அணைச்சிருப்பேன். ஆனா எப்பவும் அணைச்சிட்டு தொட்டு பாப்பேன். இன்னிக்கு தொட்டு பாத்தனான்னு ஞாபகம் வரல.

ஒம்பதாம் நம்பருக்கா? ...ஒரு முடிச்சு மேடம்.

ஆமா. ஒரே முடிச்சுதான்.

அவருக்கு இந்த ஃபாரமே போடலியே. அம்பத்தாறு வயசுக்காரருக்கு யாரு போடுவாங்க? சிஸ்டரு மேல தப்பே இல்ல. கம்பெனி கார்டுல அம்பத்தாறு. ஆதாருக்கு கண்ண எல்லாம் போட்டோ புடிச்சாங்களே, அதுலயும் அம்பத்தாறு. பாத்தா அப்டி தெரியலன்னா... செக்யூரிட்டி வேல மேடம். கேட்டாண்ட நாள் பூரா வெயில்ல நின்னா மொகம் சுருங்கிடும்.

இல்ல, ஒத்துக்கறேன். கை நரம்ப பாத்தா தெரியும்தான்.

அந்தம்மா மேல கோவப்படாதீங்க மேடம். சேக்கச்சொல்லோ சிஸ்டரு கேட்டுச்சு, எப்டி இருப்பாருன்னு. நல்லா நடப்பாரு, தானே குளிப்பாரு, தானே துணி தொவைப்பாரு, டூட்டிக்கு லீவே போட மாட்டாருன்னு அந்தம்மா சொல்லிடுச்சு. சிஸ்டரு அத அப்டியே எழுதி கையெழுத்தும் வாங்கிகிச்சு. தோ, உங்க மடில கீற கேஸ் ஷீட்ல ரெண்டாவது பக்கத்துல கீது பாருங்க, கோணலா ஒரு கையெழுத்து. அது வெக்கத்துல சொல்லல, கண்ணு பட்டுடும்னும் சொல்லல. செக்யூரிட்டி வேலைக்கு ஆளு அனுப்பற ஏஜென்சிக்காரன் அம்பத்தெட்டுக்கு மேல ஒருத்தர வெச்சிக்க மாட்டான். இங்க இன்னா எழுதினாலும் அந்த பேப்பர வாங்கி பாப்பான். ஒரு வார்த்த தப்பா இருந்தாலும் யூனிஃபார்ம கழட்டி குடுன்னுவான். அவரு அந்த யூனிஃபார்ம போட்டாத்தான் மனுசன். கேட்டாண்ட இருந்தவருக்கு ஒரு பையன் போற போக்குல சல்யூட் அடிச்சிட்டு போனான்னு மூணு நாள் சொல்லிகினு இருந்தாரு.

அந்தம்மா சொல்லிச்சு எங்கிட்ட. ஆமா, நெறைய சொல்லும்.

கம்பெனி கேட்டு பெருசு, ரெண்டு கையால தள்ளணும். ஒரு வருசமா அவரு தள்றதில்ல. கூட வேல செய்யற காசிராஜன்னு ஒரு புண்ணியவான் தள்ளுவாரு. இவரு நாக்காலில உக்காந்து வண்டி நம்பரு எழுதுவாரு. விசிலு ஊதினா சத்தம் வராது, காத்துதான் வரும். அதயும் காசிராஜன்தான் ஊதுவாரு. வூட்ல துணி தொவைக்கறது அவருதான், அது பொய்யில்ல. தொவச்சி புழிஞ்சி கொடில போடுவாரு. அவரு அந்தாண்ட போனதும் சம்சாரம் போய் எடுத்து மறுபடியும் புழிஞ்சி போடும். சொட்டு சொட்டுன்னு ஒழுவும் மேடம். அவருக்கு தெரியாம, சத்தம் போடாம. தெனமும்.

பெல்ட்டு கீதே, யூனிஃபார்ம் பெல்ட்டு. கடைசி ஓட்டைக்கும் உள்ள போயிடுச்சு இடுப்பு. ஆணிய அடுப்புல காச்சி ஒரு ஓட்டை. தீவாளிக்கு. அப்பால பொங்கலுக்கு இன்னொண்ணு. போன மாசம் மூணாவது. தோல் கருவற நாத்தம் வூடெல்லாம் வரும். அவரு எட்டி பாத்து, கம்பெனி குடுக்கற பெல்ட்டுங்க இழுத்துகினே போவுது, சரக்கு சரியில்லன்னாரு. ஆமாங்க, சரக்கு சரியில்லன்னுதான் அந்தம்மாவும் சொல்லிச்சு.

மணி ஒண்ணரை ஆயிடுச்சா?

நேத்து எப்டி வுழுந்தாருன்னுதான கேக்கறீங்க. சொல்றேன். ஒன்னே முக்காலுக்கு ரெண்டு மணி ஷிஃப்ட்டு பஸ்ஸுங்க வரும். நம்ம ஆஸ்பத்திரி முன்னாடிதான் திரும்பணும், வரிசையா ஹார்ன் அடிக்கும். நமக்கு பழகிடுச்சு, காதுலயே வுழாது. அவரு காச்சல்ல அரை மயக்கத்துல கெடந்தாரா, ஹார்ன் கேட்டுச்சு. எழுந்து உக்காந்தாரு. சட்டைய இஸ்து வுட்டுகினாரு. பஸ்ஸு வந்துடுச்சு, கேட்டத் தொறக்கணும்னாரு. நல்லா கணீர்னு சொன்னாரு. எறங்கி ரெண்டு அடி வெச்சாரு. ரெண்டு கையயும் முன்னாடி நீட்டி, தள்றாரு மேடம். இல்லாத கேட்ட தள்றாரு. அங்க புடிக்க ஒண்ணும் இல்லியே.

நான் எங்க இருந்தனா? நாலாம் நம்பராண்ட. கண்ணப்பன் தாத்தா அதே நேரத்துல பாத்ரூமுக்கு எழுந்தாரு. அவருதான ரெண்டு முடிச்சு. ஒரு முடிச்சுக்காரரு தானே சமாளிச்சிக்குவாரு, ரெண்டு முடிச்சுக்காரர வுட்டுட்டு ஓடக்கூடாது, அதான் ரூலு. நான் போட்ட ரூலு. நான் அவரு கைய புடிச்சிகினு நின்னு பாத்துகினே இருந்தேன். நடுவுல நாலு கட்டுலு தூரம்.

இல்ல, தண்ணி வேணாம். எனக்கு ஒண்ணுமில்ல. பிபி மாத்திர போட்டேன். போட்டேனா? போட்டேன்.

அந்த ஃபாரத்த குடுங்க. ரெண்டு வாரம் முன்னாடி எந்த படம்னுதான கேக்கறீங்க? தோ, இந்த ஆறாவது. குளிக்க ஒக்கார வெச்சி தண்ணி ஊத்தணும். முதுவு தேய்க்கணும். பஸ் ஏறச்சொல்லோ பின்னாடி கை குடுக்கணும். ரெண்டு இட்லில ஒண்ணு தட்லயே கெடக்கும். இதுல கோலு வெச்சிகினு நிக்கறவரு அவரு. பக்கத்துல கைய புடிச்சிகினு ஒரு பொம்பள நிக்குது பாருங்க, அது நான்தான் மேடம்.

ஆமா. எங்க வூட்டுக்காரருதான். அந்த கோணல் கையெழுத்தும் என்னுதுதான். வார்டுல எல்லாருக்கும் தெரியும். அக்கா, நீங்களே சொல்லுங்க, நான் சொல்லமாட்டேன்னு சிஸ்டரு காலைலேந்து தள்ளி தள்ளியே போவுது. பாவம், அது மேல கோவிச்சிக்காதீங்க.

இந்தாங்க, ரேஷன் கார்டு. காலைலேந்து மடிலயே வெச்சிகினு கீறேன், ஈரமாயிருக்கும். இதுல அம்பத்தொம்போதுன்னு போட்டு கீது. ஆனா இது ரெண்டாயிரத்து அஞ்சுல குடுத்தது, மேல மேல பேப்பரு ஒட்டிதான் ஓட்டறாங்க. இப்ப ரெண்டாயிரத்து பதிமூணு. எட்ட கூட்டிக்கோங்க. அறுவத்தேழு. மொத்தமும் எழுதிக்கோங்க, பெல்ட்டு, விசிலு, துணி, எல்லாத்தயும். ஏஜென்சிக்காரன் படிச்சா படிக்கட்டும். மருந்து மட்டும் அறுவத்தேழு வயசுக்காரருக்கு குடுக்கற மாதிரி பாத்து குடுங்க.

ரெண்டாவது முடிச்சா? நேத்தே போட்டிருப்பேன் மேடம். கை வரல. வார்டுல எத்தினி பேருக்கு போட்டேன், ஒருத்தருக்கும் யோசிச்சதே இல்ல. இவருக்கு போட்டா, அப்ப நெசம்னு ஆயிடும் இல்ல?

மணி ஒண்ணே முக்காலாவப் போவுது, நான் எழுந்துக்கறேன். தோ, ரோட்டு முனைல மொத பஸ்ஸு சத்தம் கேக்குதா? ஹார்ன் அடிச்சா இடுப்பு ஒடஞ்சதுகூட மறந்து எழுந்துக்க பாப்பாரு. நான் பக்கத்துல நின்னு, கேட்டு தொறந்தாச்சுங்க, பஸ்ஸெல்லாம் உள்ள போயிடுச்சுன்னு சொல்லணும். சொன்னாத்தான் திரும்ப படுப்பாரு.